மாந்தையின் ஓடுகளும் கட்டுக்கரையின் குதிரைகளும்

சில வாரங்களுக்கு முன்னர் என்னைக் காண வந்த இளம் பத்திரிகையாளர் ஒருவர், தமது கைத்தொலைபேசியில் இருந்த படமொன்றை என்னிடம் காட்டினார். மன்னார் கட்டுக்கரைக் குளப் பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுடுமண் உருவங்களின் படம் அது.

"ஐயா, இதெல்லாம் எந்த நூற்றாண்டு? இதை வைச்சு நாங்கள் எவ்வளவு காலம் பின்னுக்குப் போகலாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவரும் குறித்துக்கொண்டு சென்றார். அவர் சென்ற பின்னர்தான் ஓர் உண்மை என்னை உறுத்தத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்த நானும் இத்தகைய பொருள்களைக் கண்டபோதெல்லாம் இரண்டே வினாக்களைத்தான் எழுப்பியிருக்கிறேன். இது எவ்வளவு பழையது? இது யாருடையது? மூன்றாவது வினா ஒன்று உண்டு. இதைச் செய்தவர் எப்படிச் செய்தார், இது ஏன் பார்ப்பதற்கு இனிதாக இருக்கிறது என்பதே அது. அவ்வினாவை நான் ஒரு செய்தியிலும் எழுப்பியதில்லை. இக்கட்டுரை அந்த மூன்றாவது வினாவைப் பற்றியது. மன்னார்க் கரையின் களிமண்ணைச் சான்றாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்ட நாம், அதைக் கலையாகப் பார்க்கத் தவறிவிட்டோம் என்பதே நான் சொல்ல விரும்புவது.

மணல் தீவும் களிமண் நிலமும்

மன்னார்த் தீவை அறிந்தவர்கள் அதன் மணலையும் பனைகளையும் அறிவார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் தெருவில் திரியும் கழுதைகளையும் பார்த்துவிட்டுத் தலைமன்னார் வரை சென்று திரும்புவோர் பலர். பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்ததும் மண் மாறிவிடுகிறது. முருங்கன் பகுதியில் கருமை படர்ந்த களிமண் நிலம் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் காலைப் பிடித்து இழுக்கும்; கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். மண்ணியலாளர் இதனைக் கிறுமுசோல் வகை என்பர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களிமண் முருங்கனிலிருந்தே சென்றது என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அருவியாறு அனுராதபுரத்துப் பக்கமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் ஓடிவந்து, தான் சுமந்து வரும் வண்டலை இந்நிலத்தில் இறக்கிவிட்டு அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது.

இக்கரையோரத்தில் கருங்கல் கிடையாது. நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். எனவே இங்கு வாழ்ந்த மனிதன் ஓர் உருவத்தைச் செய்ய விரும்பியபோது அவன் கைக்கு முதலில் எட்டியது களிமண்ணே. வெளியூர் வணிகரும் இக்கரைக்கு வந்தபோது தத்தம் நாட்டுக் களிமண்ணைச் சுட்டும் மெருகிட்டும் கொண்டுவந்தனர். ஆகவே மன்னார்க் கரையின் வரலாற்றை எழுதுபவர் எவராயினும் மட்கலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

களிமண் எளிய பொருள் என்று எண்ணுவது தவறு. வெறும் களியை வனைந்தால் உலரும்போதே பிளந்துவிடும். மணலோ உமியோ அளவறிந்து கலக்க வேண்டும். உருவம் கனமாக இருந்தால் உள்ளே தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி அதை வெடிக்கச் செய்யும். ஆகையால் பெரிய உருவத்தின் உள்ளே வெற்றிடம் விட்டு, ஆவி வெளியேறத் துளையும் இட வேண்டும். களிமண்ணில் உள்ள இரும்பு, காற்றோட்டமான நெருப்பில் சிவப்பாகும். காற்றை அடைத்தால் கறுப்பாகும். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டு, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் வரச் செய்த பண்டைய குயவர் இந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். மன்னாருக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டோரத்தில் உள்ள பொம்பரிப்பின் ஈமத்தாழிகளோடு கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்கள் இந்த அறிவின் பழைய சாட்சிகள்.

மாந்தை மேட்டில் ஒரு நாள்

மன்னார் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து குதிரை லாட வடிவில் ஒரு மண்மேடு இருக்கிறது. அதனைச் சுற்றி இரண்டு அகழிகள். இதுவே மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் பாளி நூல்களில் மகாதித்த என்றும் பேசப்படும் துறைமுக நகரம். 1880களில் போக் என்ற ஆங்கில அதிகாரி இங்கு அகழ்ந்தார். 1920களில் தொல்பொருள் ஆணையாளராக இருந்த ஹோக்காட் அகழ்ந்தார். 1950களில் சண்முகநாதன் அகழ்ந்தார். விரிவான அகழ்வு 1980க்கும் 1984க்கும் இடையில் ஜோன் காஸ்வெல், சிரான் தெரணியகல ஆகியோரின் முயற்சியில் நடந்தது. போர் அதை நிறுத்தியது. அதன் முழு அறிக்கை 2013ஆம் ஆண்டில்தான் நூலாக வெளிவந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த அகழ்வு நடந்துகொண்டிருந்த நாள்களில் செய்தி சேகரிக்கச் சென்ற இளைஞர்களில் நானும் ஒருவன். குழியருகே தட்டுகளில் ஓடுகள் கழுவிக் காயவைக்கப்பட்டிருந்தன. அங்கு வேலை செய்த ஒருவர் என் உள்ளங்கையில் ஒரு சில்லை எடுத்து வைத்தார். விரல் நீளம்தான் இருக்கும். அதன் ஒரு புறத்தில் நீலமும் பச்சையும் கலந்த மெருகு. அன்று நண்பகலில் கடற்கரையோரம் வரும்போது நான் பார்த்த கடலின் நிறம் அது. ஈராக்கிலிருந்தோ பாரசீகக் குடாவிலிருந்தோ வந்த சாடியின் துண்டாக இருக்கலாம் என்றார்கள்.

ஊர் திரும்பியதும் செய்தி எழுதினேன். அந்த நிறத்தைப் பற்றியும் ஒரு பந்தி எழுதினேன். அச்சில் வந்தபோது அப்பந்தி இல்லை. துறைமுகத்தின் தொன்மை தலைப்பாக இருந்தது. செய்தி ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. பின்னாளில் அதே நாற்காலியில் நான் அமர்ந்தபோது, பிறர் எழுதிய அத்தகைய பந்திகளை நானும் வெட்டியிருக்கிறேன்.

இன்று அந்த அறிக்கையைப் புரட்டும்போது, நாம் தவறவிட்டது எவ்வளவு என்பது புலப்படுகிறது. மாந்தையில் தென்னிந்தியாவோடு தொடர்புடைய ரௌலட் மட்கலங்கள் கிடைத்தன. மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகுச் சாடிகள் கிடைத்தன. சீனத்தின் சாங்ஷா, யூவே சூளைகளில் செய்யப்பட்ட கலங்கள் கிடைத்தன. யூவே கலம் ஒலிவ் காயின் பச்சை நிறம் உடையது, அலங்காரம் குறைவு, மெருகின் ஆழமே அதன் அழகு. சாங்ஷாக் கலம் நேர்மாறானது. இரும்புக் கபிலத்தாலும் செம்புப் பச்சையாலும் பறவையும் பூவும் முகிலும் தூரிகையின் சில வீச்சுகளில் வரையப்பட்டிருக்கும். 1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டுபிடிக்கப்பட்ட மூழ்கிய கப்பலில் ஏறத்தாழ 60,000 கலங்கள் இருந்தன. பெரும்பாலானவை சாங்ஷாக் கிண்ணங்கள். அவற்றில் ஒன்று கி.பி. 826ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைத் தாங்கியிருந்தது. மேற்கே செல்லப் புறப்பட்ட கப்பல் அது. அத்தகைய கலங்கள் வந்துசேர்ந்த துறைகளில் ஒன்றுதான் நமது மாந்தை.

சாடிக்குள் என்ன இருந்தது என்பதை ஆராய்கிறார்கள். நல்ல காரியம். 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, மாந்தை மண்ணில் மிளகும் கராம்பும் கோதுமையும் திராட்சையும் இருந்ததைக் காட்டியது. சாடியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அக்காலத்து ஈராக்கியக் குயவர் சீனத்து வெண்கலங்களின் அழகில் மயங்கினர். அவற்றுக்கு வேண்டிய வெண்களிமண் அவர்களிடம் இல்லை. ஆகவே வெள்ளீயம் கலந்த வெண்மெருகைத் தமது மஞ்சள் களிமண்ணின்மீது பூசி, அதன்மேல் நீலத்தால் வரைந்தனர். அந்த நுட்பம் ஸ்பெயின் வழியே இத்தாலிக்குச் சென்றது. 15ஆம் நூற்றாண்டில் சலவைக்கல் சிற்பிகளின் நகரமாகிய புளோரன்ஸில், லூக்கா தெல்லா ரோபியா என்ற சிற்பி அதே வெண்மெருகைச் சுடுமண் சிற்பங்களுக்கு இட்டார். தேவாலயச் சுவர்களில் நீலப் பின்னணியில் வெண்ணிறத் தாயும் குழந்தையுமாக அவை இன்றும் ஒளிர்கின்றன. கல்லுக்குப் பதிலாகக் களிமண்ணைக் கையாண்டதால் அவரைத் தாழ்ந்த சிற்பி என்று எவரும் சொல்லவில்லை.

கட்டுக்கரையின் உருவங்கள்

மாந்தை கடல்வழி வந்த கலைக்கு இடம் என்றால், கட்டுக்கரை இம்மண்ணிலேயே பிறந்த கலைக்கு இடம். 2016ஆம் ஆண்டு தொடங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் தலைமையில் இங்கு நடத்திய அகழ்வுகளில் மனித உருவங்களும், யானை, குதிரை, காளை முதலிய விலங்குருவங்களும், விளக்குகளும் சுடுமண்ணில் கிடைத்தன. ஐயனார் வழிபாட்டோடு தொடர்புடையவை இவை என்பது பேராசிரியரின் கருத்து. வன்னியில் குளக்கட்டுத் தோறும் ஐயனார் இருப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. குளத்தைக் காப்பவர் அவர். அவருக்கு மண்ணுருவம் படைப்பது வழக்கம்.

இத்தகைய உருவங்களை எப்படிப் பார்க்க வேண்டும்? கல்லில் வடித்த சிற்பத்தைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தால் இவை முரடாகவே தோன்றும். கல் சிற்பி வேண்டாததைச் செதுக்கி நீக்குகிறான். மண் சிற்பி வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போகிறான். கண் என்பது தனியாக உருட்டி ஒட்டிய ஒரு சிறு மண்குண்டு. அதை ஒரு குச்சியால் அழுத்தினால் பார்வை வந்துவிடுகிறது. மூக்கு என்பது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளிய ஒரு கிள்ளல். அணிகலன் என்பது திரித்து ஒட்டிய மண்கயிறு. மண் காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், தயக்கத்துக்கு அங்கே இடமில்லை. சில வேளைகளில் செய்தவரின் விரல் ரேகையும் கூடவே சுடப்பட்டுவிடுகிறது. எந்த வெண்கலத் திருமேனியும் செய்தவனின் விரலை இவ்வளவு அருகில் நமக்குக் காட்டுவதில்லை.

கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரையும் நினைத்துப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி நடத்திய அகழ்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. ஒல்லியாக உயர்ந்து நிற்கும் ஒரு பெண், அருகே மரம், அதில் ஒரு கொக்கு, மான், முதலை. அத்தனையும் மண்ணைத் திரித்தும் தட்டியும் ஓட்டின்மீது ஒட்டிச் செய்யப்பட்டவை. ஒரு கை அகலத்துக்குள் ஆற்றங்கரை முழுவதையும் அடக்கிய அந்தப் புடைப்புச் சிற்பத்தை, நமது கலை வரலாற்று நூல்கள் எத்தனை பக்கங்களில் பேசுகின்றன? பல்லவர் கல்லிலும் சோழர் செம்பிலும் தொடங்கும் அந்நூல்கள், அதற்கு முந்திய களிமண்ணை முன்னுரையில் ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன.

சான்றும் கலையும்

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். "எங்களுடைய இருப்பே மறுக்கப்படும் நாட்டில் அழகைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம், எங்களுக்கு முதலில் தேவை சான்று" என்று சிலர் சொல்லக்கூடும். இதை எளிதில் தள்ளிவிட நான் துணியேன். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மக்கள் தம் காணி போய்விடுமோ என்று அஞ்சும் நிலை உண்டு. 2020ஆம் ஆண்டு கிழக்கு மாகாணத்துக்கென அமைக்கப்பட்ட தொல்பொருள் செயலணி அவ்வச்சத்தை எவ்வளவு வளர்த்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அச்சூழலில் ஒவ்வொரு ஓடும் வழக்குக்கான ஆவணமாகிவிடுவது இயல்பே. நானும் அப்படி எழுதியவன்தான்.

இருந்தும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னாருக்குத் தெற்கே புத்தளம் மாவட்டத்தில் தப்போவ என்ற இடத்தில் சுடுமண் உருவங்கள் பல கிடைத்தன. பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து தப்போவ-மரதன்மடுவப் பண்பாடு என்று பெயரிட்டார். தப்போவ உருவங்களைச் சிங்களப் பண்பாட்டின் கணக்கிலும் கட்டுக்கரை உருவங்களைத் தமிழ்ப் பண்பாட்டின் கணக்கிலும் நாம் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோர் எத்தனை பேர்? இரண்டும் வறண்ட நிலத்தின் குளங்களை நம்பி வாழ்ந்தவர்கள் செய்தவை. தமிழர் ஐயனார் என்று கும்பிடும் தெய்வத்தை வன்னியின் சிங்கள மக்கள் ஐயநாயக்க என்ற பெயரில் குளங்காவலராகக் கும்பிடுகின்றனர். ஒரு மண்ணுருவத்தின் கண்ணை ஒட்டிய விதத்திலும் காதைக் கிள்ளிய விதத்திலும் ஒற்றுமை எங்கே, வேற்றுமை எங்கே என்று பார்ப்பதற்குக் கலைக்கண் வேண்டும். அக்கண் இருந்தால் சான்று மேலும் வலுப்பெறுமே தவிர நலிவடையாது. உரிமை கோரும் அவசரத்தில் நாம் பொருளைப் பார்க்காமலே வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாதம் முடிந்ததும் அந்தப் பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தேதி தெரிந்துவிட்டது, செய்தி வந்துவிட்டது, உருவம் பெட்டிக்குள் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு பாடசாலைப் பிள்ளையும் படம் வரையவில்லை. ஒரு கலைஞனும் அதிலிருந்து ஒன்றையும் கற்கவில்லை. மக்கள் நேசிக்காத பொருளைச் சட்டம் மட்டும் எவ்வளவு நாள் காக்கும்?

அரிப்பு மாளிகை

நாம் ஏன் களிமண்ணை இப்படிப் பார்க்கப் பழகினோம்? அரிப்புக் கடற்கரைக்குச் சென்றால் ஒரு பகுதி விடை கிடைக்கும். ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கு ஒரு மாளிகை கட்டினார். கிரேக்கத்து டோரிக் பாணித் தூண்களைக் கொண்டது என்பதால் அது டோரிக் மாளிகை என்று பெயர் பெற்றது. கிரேக்கர் சலவைக்கல்லில் செய்ததை இங்கு செங்கல்லில் கட்டிச் சுண்ணச் சாந்து பூசி, கல்போலத் தோன்றச் செய்தார்கள். கடற்காற்றில் சாந்து உதிர்ந்துவிட்டது. கரை அரிப்பில் கட்டடமும் விழுந்துகொண்டிருக்கிறது. வேடம் கலைந்து நிற்கும் செங்கல் மாலை வெயிலில் சிவந்து காணப்படும்போது, அது சாந்தோடு இருந்த காலத்தைவிட அழகாக இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

களிமண்ணுக்குக் கல் வேடமிடும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. குளக்கட்டு ஐயனாருக்கு இன்று சீமெந்துக் குதிரை வைத்து, எனாமல் பூச்சுப் பூசுகிறார்கள். வசதி உள்ள கோயில்கள் கருங்கல்லுக்குப் போகின்றன. கருங்கல்லில் மீளக் கட்டப்பட்ட திருக்கேதீச்சரத்துக்கு 2022 யூலையில் குடமுழுக்கு நடந்தது. போத்துக்கேயர் இடித்த கோயில் அவ்வாறு எழுந்ததில் மகிழாத சைவர் இல்லை, நானும் மகிழ்ந்தேன். ஆயினும் ஒரு வரலாற்று உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய கோயிலின் கற்கள் மன்னார்க் கோட்டை கட்ட எடுத்துச் செல்லப்பட்டதாகச் சொல்வார்கள். கல்லுக்கு விலை உண்டு, எனவே பெயர்த்தார்கள். செம்பை உருக்கினார்கள். மரம் மக்கியது. உடைந்த பானையை மட்டும் எவரும் விரும்பவில்லை. அதனாலேயே அது நமக்கு எஞ்சியது. நிலையற்றது என்று நாம் எண்ணும் களிமண்ணே நெருப்பில் ஒருமுறை வெந்துவிட்டால் எல்லாவற்றையும்விட நீண்ட காலம் நிற்கிறது.

செய்பவரின் நிலை

பொருளின் மதிப்பு செய்பவரின் மதிப்பையும் சார்ந்தது. நமது சமூகத்தில் கல்லும் செம்பும் கையாள்பவர் ஸ்தபதி. களிமண் கையாள்பவர் சட்டி பானை செய்பவர். இந்த வேறுபாட்டின் பின்னால் சாதி இருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் வேளார் சமூகத்தினர் ஐயனார் கோயில்களில் பூசை செய்வோராகவும், புரவியெடுப்பு விழாவுக்குப் பென்னம்பெரிய மண்குதிரைகளைச் செய்வோராகவும் இருக்கின்றனர். அங்கு கை தொழிலையும் செய்கிறது, பூசையையும் செய்கிறது. ஆளுயரத்தை மிஞ்சும் அக்குதிரைகள் உலகின் பெரிய சுடுமண் சிற்பங்களோடு ஒப்பிடத்தக்கவை என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதிய பின்னர்தான் நம்மவர் பலர் திரும்பிப் பார்த்தனர். புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு குயவரின் கைக்கு அரசு வணக்கம் செலுத்திய நிகழ்ச்சி அது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் முருங்கன் பக்கத்துக் கிராமமொன்றில் சட்டி வனையும் அம்மா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சூளைக்குப் பக்கத்தில் கை அளவிலான ஒரு யானை கிடந்தது. பேரப்பிள்ளைக்காகச் செய்ததாம். தும்பிக்கையைச் சுருட்டி நெற்றியில் ஒட்டியிருந்தார், அவ்வளவுதான் வேலைப்பாடு. ஆனால் அது யானைதான்.

"இதை விக்கிறதில்லையோ அம்மா?" என்று கேட்டேன்.

"சட்டிக்கு விலை கேக்கிற ஆக்களே குறைஞ்சு போச்சு ஐயா. இதுக்கு ஆர் விலை கேக்கப் போயினம்?" என்றார்.

அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் வந்த பின்னர் சட்டியின் தேவை குறைந்துவிட்டது. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு விளக்கு, மரணத்துக்குக் குடம் என்று சடங்குகளே இத்தொழிலைத் தாங்கி நிற்கின்றன. களிமண் எடுப்பதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். சட்டம் தேவைதான்; ஆனால் வண்டிக் கணக்கில் அள்ளுபவரையும் கூடைக் கணக்கில் அள்ளுபவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று. மன்னார்த் தீவின் மணலில் உள்ள கனியத்துக்கு என்ன விலை என்று அறிய நிறுவனங்கள் வந்து துளையிடுகின்றன. மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். எதிரே பெருநிலத்தில் உள்ள களிமண்ணுக்கும் அதை அறிந்த கைக்கும் என்ன விலை என்று கேட்க ஒருவரும் வரவில்லை.

செய்யத்தக்கவை

பெருந்திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. முதலாவதாக, மாந்தையிலும் கட்டுக்கரையிலும் கிடைத்தவற்றில் சிறந்தவற்றைத் தேர்ந்து, மன்னார் மக்கள் மன்னாரிலேயே பார்க்கத்தக்க நல்லதொரு நூதனசாலையில் வைக்க வேண்டும். கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஆதிச்சநல்லூரில், அகழ்ந்த குழியின்மேலேயே கண்ணாடித் தளமிட்டுக் காட்சிக்கு விட்டார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று பார்க்கிறார்கள். மன்னாரில் தப்போவ உருவங்களையும் சில காலம் இரவல் பெற்று அருகருகே வைத்தால், அதுவே இந்நாட்டுக்கு ஒரு நற்பாடமாக அமையும்.

இரண்டாவதாக, காட்சிப் பெட்டியின் குறிப்பில் நூற்றாண்டோடு நிறுத்திவிடாமல், இது எவ்வாறு வனையப்பட்டது, எவ்வாறு சுடப்பட்டது, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரிகள் மும்மொழியிலும் எழுத வேண்டும்.

மூன்றாவதாக, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நுண்கலை பயிலும் மாணவர்கள் ஆண்டுக்கொருமுறையாவது மன்னாரில் தங்கி, சட்டி வனைவோரிடம் மண் பிசையக் கற்க வேண்டும். அவர்களை ஆசிரியராக மதித்து, ஆசிரியருக்குரிய ஊதியமும் கொடுக்க வேண்டும். பட்டம் பெற்ற மாணவனுக்கு வடிவம் தெரியும்; அம்மாவுக்கு நெருப்புத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் புதிதாக ஏதேனும் பிறக்கும்.

நான்காவதாக, குளக்கட்டு ஐயனாருக்குக் குதிரை வைக்க விரும்பும் அன்பர்கள் சீமெந்துக்கு முன்னர் ஒருமுறை களிமண்ணை எண்ணிப் பார்க்கட்டும். வீடு கட்டுவோரும் வெளிநாட்டிலிருந்து வரும் பளபளப்புப் பொருள்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை, வாசலில் ஒரு சுடுமண் உருவத்துக்கோ சுவரில் ஒரு சுடுமண் பதிப்புக்கோ ஒதுக்கட்டும். வாங்குவோர் இல்லாத கலை நூதனசாலையில் மட்டும் வாழாது.

அந்த இளம் பத்திரிகையாளரை மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய வினாவுக்கு நான் அரைகுறையாகவே விடை சொன்னதாகவும், அடுத்த முறை மன்னாருக்குச் செல்லும்போது உருவத்தின் வயதைக் கேட்பதற்கு முன்னர் அதைச் சற்று நேரம் பார்க்குமாறும் சொன்னேன். முருங்கன் பக்கத்து அம்மாவின் ஊருக்கு வழியும் சொன்னேன். போனால் அந்த யானையைப் பற்றி ஒரு பந்தி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பந்தியை எந்தச் செய்தி ஆசிரியரும் வெட்டாதிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.